ஐபி போன் சர்வரை மாற்றுவதும் கூடுதலாகச் சேர்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

அலுவலகத்துப் போன் அழைப்புகளை நெட்வொர்க் வழியே இணைத்துத் தரும் ஐபி போன் சர்வரை மாற்றும் வேலையில் புது இயந்திரத்தை நிறுவுவது சுலபமான பகுதி. ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆனால் பழைய சர்வரின் பெயரையோ முகவரியையோ மனதில் வைத்துக்கொண்டு தினமும் அதைத் தேடி வருகிற போன்கள், வெளித் தொலைபேசி லைன்களோடு இணைக்கும் கேட்வேக்கள், ரெக்கார்டிங் மென்பொருள்கள், வாசல் இன்டர்காம்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அத்தனையும் மறுநாள் காலை புதிய சர்வரைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை நம்ப வேண்டும், எதுவும் நடக்காதது போல வேலையைத் தொடர வேண்டும். சிரமம் முழுக்க அங்கேதான். இந்த வழிகாட்டியும் அந்த இடத்தில்தான் அதிகம் நிற்கும்.

சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்த நிறுவனத்தின் முறைமைக்கும் பொருந்தும். உதாரணம் தேவைப்படும்போது சிஸ்கோ கால் மேனேஜரையும் ஆஸ்டரிஸ்க்கையும் எடுத்துக்கொள்கிறேன். முன்னது பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டராக ஓடுவது. பின்னது பெரும்பாலும் தனி சர்வராக நிறுவப்படுவது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவை பிடிபட்டுவிடும்.

## சர்வர் நின்றால் எது நிற்கும்?

ஒரு அழைப்பில் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் உண்டு. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்பது சிக்னலிங். அது சர்வருக்குப் போகும். குரல் தனிப் பாதையில் போகும். சிஸ்கோ போன்ற அமைப்பில் உள்ளுக்குள் பேசும் இரண்டு போன்களின் குரல் நேராக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. அதனால் பேச்சின் நடுவே சர்வர் விழுந்தாலும் பேச்சு தொடரும். ஹோல்டில் போடவோ வேறொருவருக்கு மாற்றிவிடவோ மட்டும் முடியாது. போனை வைத்த பிறகு அது அடுத்த சர்வரைத் தேடிப் போகும்.

ஆஸ்டரிஸ்க்கில் குரலும் சர்வர் வழியாகப் போகும்படி அமைத்திருப்பது சகஜம். அப்படியானால் சர்வர் நின்ற நொடியே பேச்சும் அறுந்துவிடும். உங்களுடையது இதில் எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பகலில் தொடலாமா, இரவுக்குக் காத்திருக்க வேண்டுமா என்ற முடிவு அதைப் பொறுத்தது.

கிளஸ்டரில் இன்னொரு பிரிவினையும் உண்டு. ஒரு சர்வர்தான் தரவுத்தளத்தின் முதல் பிரதியை வைத்திருக்கும். சிஸ்கோவில் அதற்குப் பப்ளிஷர் என்று பெயர். மற்றவை சப்ஸ்கிரைபர்கள், அந்தத் தரவின் நகலை வைத்துக்கொண்டு அழைப்புகளைக் கவனிக்கும். பப்ளிஷர் நின்றாலும் அழைப்புகள் ஓடும். புதுப் போன் சேர்ப்பது, எண் மாற்றுவது போன்ற நிர்வாக வேலைகள்தான் நிற்கும். ஆக பப்ளிஷரை மாற்றுவது பார்க்கப் பயமாக இருந்தாலும், பயனாளருக்குத் தெரியாமல் செய்யக்கூடிய வேலைதான். அதற்கு, எல்லாப் போன்களும் சப்ஸ்கிரைபர்களில் ரிஜிஸ்டர் ஆகியிருக்க வேண்டும், அதாவது தாங்கள் இருக்கும் இடத்தை அவற்றிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

## ஒரு இரவில் ஒரு மாற்றம்

இயந்திரத்தை மாற்றுவது, மென்பொருள் பதிப்பை உயர்த்துவது, ஐபி முகவரியை மாற்றுவது, கூடுதல் சர்வர் சேர்ப்பது: இவை நான்கு வேலைகள். எப்படியும் இரவு முழுக்க விழித்திருக்கப் போகிறோம், எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கையும் சேர்த்துச் செய்துவிட்டுக் காலையில் பாதிப் போன்கள் வரவில்லை என்றால், எதனால் என்று சொல்ல யாராலும் முடியாது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. சிஸ்கோவில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய, புது சர்வரில் அதே பதிப்பு, அதே பெயர், அதே ஐபி முகவரி இருக்க வேண்டும். பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் வரை பொருந்த வேண்டும். புது இயந்திரம் பழைய பதிப்பை ஏற்காது என்றால், பழைய இயந்திரத்திலேயே பதிப்பை உயர்த்தி ஒரு வாரம் ஓடவிடுங்கள். அதற்கும் பழையது தாங்காது என்றால் இடையில் ஒரு தற்காலிக விர்ச்சுவல் மெஷினுக்கு (மென்பொருளால் உருவாக்கிய இயந்திரத்துக்கு) நகர்த்தி, அங்கே உயர்த்திக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் படிகள் கூடும், ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபார்க்க வழி இருக்கும்.

பெயரையும் முகவரியையும் மாற்றாமல் வைப்பதே மாற்று வேலைக்கு நல்லது. நெட்வொர்க்கையே திருத்தி அமைக்கிறீர்கள் என்றால் மட்டும் புது முகவரி.

## பழைய சர்வரை யார் தேடி வருகிறார்கள்?

இந்தப் பட்டியலைத் தயாரிக்க எடுக்கும் நேரம்தான் இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயன்தரும் நேரம். நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும். ஆவணத்தில் பார்த்தால் அது எழுதிய நாளில் இருந்த நிலைமைதான் தெரியும். பழைய சர்வரிடமே கேட்டுவிடுவது நல்லது.

சர்வர் இணைந்திருக்கும் ஸ்விட்ச் போர்ட்டைக் கண்காணித்து, அதற்கு வரும் போக்குவரத்தின் தலைப்புகளை (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னால் இருக்கும் முகவரிப் பகுதியை) மட்டும் ஒரு முழு வாரம் பிடித்து வையுங்கள். பேச்சின் உள்ளடக்கம் வேண்டாம், தேவையும் இல்லை. எந்த முகவரியிலிருந்து எந்த போர்ட் எண்ணுக்கு வந்தது என்பது போதும். ஏன் ஒரு வாரம் என்றால், சில பொருட்கள் வாரம் ஒரு முறைதான் வரும். அழைப்புக் கணக்கை இழுத்துக்கொண்டு போகும் பில்லிங் மென்பொருள் ஞாயிறு இரவு மட்டும் எட்டிப் பார்க்கலாம்.

வாரக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். அழைப்புகளை அமைக்கும் நெறிமுறையான சிப் (SIP) சிக்னலிங்குக்கு வழக்கமான போர்ட் 5060, குறியாக்கம் செய்தது என்றால் 5061. அங்கே வருபவை போன்கள், கேட்வேக்கள், டிரங்க்குகள் (தொலைபேசி நிறுவனத்தோடோ வேறு முறைமையோடோ உள்ள இணைப்புகள்). கட்டமைப்புக் கோப்பு கேட்டு டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை வழியே 69ஆம் போர்ட்டுக்கு வருபவை தனி. மிச்சமிருப்பவை சுவாரசியமானவை: வாய்ஸ்மெயில், ரெக்கார்டிங், கால் சென்டர் மென்பொருள், கண்காணிப்புக் கருவி, பணியாளர் பட்டியலை ஒத்திசைக்கும் டைரக்டரி சர்வர், பெயர் தெரியாத சில முகவரிகள். பெயர் தெரியாத ஒவ்வொன்றையும் தேடிப் போய்ப் பாருங்கள். லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போன், வரவேற்பறையின் கதவுத் திறப்பான், கணக்குப் பிரிவில் ஃபேக்ஸ் மெஷினோடு இணைந்திருக்கும் சிறிய அடாப்டர் எல்லாம் இப்படித்தான் வெளிவரும்.

அடுத்து, ஒவ்வொன்றும் சர்வரின் முகவரியை எங்கிருந்து தெரிந்துகொள்கிறது என்று குறிக்கவும். பெரும்பாலான போன்கள், நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் டிஎச்சிபியிலிருந்து பெறும். 66ஆம் ஆப்ஷன் ஒரு பெயரைத் தரும். சிஸ்கோ பயன்படுத்தும் 150ஆம் ஆப்ஷன் ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகளைத் தரும். சில போன்களில் யாரோ கையால் முகவரியைத் தட்டி வைத்திருப்பார்கள். கூட்ட அறைகளிலும் கிளை அலுவலகங்களிலும் இது அதிகம். கேட்வேயில் முகவரி கட்டமைப்பிலேயே எழுதியிருக்கும். தொலைபேசி நிறுவனத்தின் சிப் டிரங்க், உங்கள் ஐபியை அவர்கள் பக்கம் அனுமதிப் பட்டியலில் வைத்திருக்கும். அது மாறுகிறது என்றால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பெயர் வழியே வருகிறவை இருந்தால், அந்தப் பதிவின் ஆயுட்காலம் எத்தனை விநாடி என்று பாருங்கள். 86,400 என்றிருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய விடையையே சிலர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சில நாள் முன்பே 300ஆகக் குறைத்துவிடுங்கள்.

## எத்தனை சர்வர் வேண்டும்?

விரிவாக்கம் என்றவுடன் போன்களின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். மேஜையில் சும்மா இருக்கும் போன் சர்வருக்குப் பெரிய சுமையே இல்லை. பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் 600 அழைப்புகள், சராசரி 2 நிமிடம் என்றால் மொத்தம் 1,200 நிமிடம். அதை 60ஆல் வகுத்தால் 20. இதை 20 எர்லாங் என்பார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரப்படி, நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் லைன் கிடைக்காமல் திரும்பக் கூடாது என்றால் இந்தச் சுமைக்கு 30 வெளி லைன்கள் வேண்டும். சர்வரை இரட்டிப்பாக்கிவிட்டு லைன்களை அப்படியே வைத்தால், பிஸி டோன் பிஸி டோனாகவே இருக்கும்.

குரல் சர்வர் வழியே போகும் அமைப்பில் வேறொரு கணக்கும் உண்டு. ஜி.711 கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் ஒரு முறை) ஒரு திசையில் ஓடும் குரல், ஈத்தர்நெட் தலைப்புகளையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும். 100 அழைப்புகள் என்றால் 200 முனைகள், ஒவ்வொரு திசையிலும் சுமார் 17 மெகாபிட். இன்றைய நெட்வொர்க் கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முனையும் நொடிக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது. அதாவது நொடிக்கு 10,000 உள்ளே, 10,000 வெளியே, அதுவும் சீரான இடைவெளியில். சர்வர் திணறுவது இந்த எண்ணிக்கையால். கோடெக் மாற்றமோ ரெக்கார்டிங்கோ சேர்ந்தால் இன்னும் கூடும். இணைப்பின் அகலத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

இப்போது சர்வர் எண்ணிக்கைக்கு வருவோம். உங்களிடம் 1,500 போன்கள், ஒரு சர்வர் 900 போன்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சர்வரில் 750 வீதம் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஒன்று விழுந்தால் 1,500 போனும் 900 தாங்கும் ஒன்றின் மீது விழும். ஆகவே மூன்றாவது சர்வர் வேண்டும். சரி, மூன்று வாங்கி 500 வீதம் பிரிக்கிறீர்கள். முதல் சர்வரின் போன்களுக்கு மாற்றாக இரண்டாவது, இரண்டாவதுக்கு மூன்றாவது, மூன்றாவதுக்கு முதலாவது என்று வளையமாக அமைக்கிறீர்கள். இதில்தான் கோட்டை விடுவார்கள். முதலாவது விழுந்தால் அதன் 500 போன்களும் இரண்டாவதுக்கே போகும். அங்கே 1,000 ஆகிவிடும், தாங்காது. மூன்றாவதில் கிட்டத்தட்டப் பாதி இடம் காலியாகவே கிடக்கும்.

இதைத் தவிர்க்க ஆறு குழுக்கள் அமையுங்கள். முதல்-இரண்டு-மூன்று, முதல்-மூன்று-இரண்டு என்று சாத்தியமான ஆறு வரிசைகளுக்கும் ஒவ்வொரு குழு, குழுவுக்கு 250 போன். இப்போது எந்த சர்வர் விழுந்தாலும் அதன் 500 போன்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து மற்ற இரண்டுக்கும் போகும். இரண்டிலும் 750 இருக்கும். அதே மூன்று இயந்திரங்கள்தான், வரிசை மட்டும்தான் மாறியது.

விர்ச்சுவல் மெஷின்களாக ஓடுகின்றன என்றால், அவற்றை ஒரே ஹோஸ்ட்டில் (அவை ஓடும் உண்மையான இயந்திரத்தில்) வைத்துவிடாதீர்கள். சிபியுவையும் மெமரியையும் அவற்றுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப்பாக நினைக்க வேண்டாம். கிளஸ்டரில் ஒரு சர்வரை மட்டும் நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் அதன் தரவு மற்றவற்றோடு பொருந்தாது.

## பேக்கப்

பேக்கப் இருக்கிறது என்பதற்கும் அதிலிருந்து ரீஸ்டோர் ஆகும் என்பதற்கும் நிறைய தூரம். வெளி நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாத ஒரு தனி ஸ்விட்ச்சில், அதே பெயர், அதே ஐபியோடு ஒரு சோதனை சர்வரை நிறுவி ரீஸ்டோர் செய்து பாருங்கள். உண்மையிலேயே தனி ஸ்விட்ச் வேண்டும். ஒரே ஐபியோடு இரண்டு சர்வர்கள் ஒரே நெட்வொர்க்கில் சந்தித்துக்கொண்டால் நடப்பது நல்லதாக இருக்காது.

பேக்கப்புக்குள் எது வராது என்பதையும் பாருங்கள். ஹோல்ட் இசை, நீங்களே ஏற்றிய ரிங்டோன்கள், போன் திரைப் படங்கள், போனுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்புகள், வரவேற்புக் குரல்பதிவுகள், வாய்ஸ்மெயில், அழைப்பு விவரப் பதிவுகள் ஆகியவற்றில் சில, முறைமையைப் பொறுத்து வெளியே நிற்கும். அவற்றைத் தனியாக நகலெடுக்கவும். ஆஸ்டரிஸ்க்கில் கட்டமைப்புக் கோப்புகளோடு அதன் உள் தரவுத்தளம், குரல்பதிவுகள், நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்கள் எல்லாமும் வேண்டும்.

பாஸ்வேர்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றனவா? நிர்வாகி பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கிளஸ்டரின் பாதுகாப்புப் பாஸ்வேர்டு வேறு. சிஸ்கோவில் பேக்கப்பைத் திறக்கவும், புது சப்ஸ்கிரைபரைச் சேர்க்கவும் அதுதான் சாவி. நிறுவியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தால், அதைத் தேடும் வேலை மாற்று இரவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு (கார்டிலேயே பதிந்திருக்கும் வன்பொருள் முகவரியோடு) கட்டியிருந்தால் புது இயந்திரத்தில் அது செல்லாது. விற்பனையாளரிடம் மாற்று லைசென்ஸ் பெற நாள் பிடிக்கும்.

## மாற்றும் இரவு

இரண்டு மூன்று நாள் முன்பே நிர்வாக மாற்றங்களை நிறுத்துங்கள். கடைசிப் பேக்கப்புக்குப் பிறகு சேர்த்த எண் எதுவும் புது சர்வரில் இருக்காது.

சிப் போன்கள் எத்தனை விநாடிக்கு ஒருமுறை ரிஜிஸ்டர் செய்கின்றன என்று பாருங்கள். 3,600 என்பது பரவலான மதிப்பு. தனி சர்வரை மாற்றும்போது இது ஒரு விசித்திரமான கோளாறைத் தரும். புது சர்வருக்கு எந்தப் போன் எங்கே இருக்கிறது என்ற பதிவு இல்லை. போனோ தன் பதிவு இன்னும் செல்லும் என்று நினைத்து ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் வெளியே அழைத்தால் போகும், உள்ளே வரும் அழைப்பு மட்டும் மணி அடிக்காது. சோதிப்பவர் தன் போனிலிருந்து அழைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விடுவார். முந்தைய நாளே இந்த மதிப்பை 120 அல்லது 300 விநாடியாகக் குறைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் நிலைபெற்றதும் பழையபடி ஏற்றிவிடலாம்.

கிளஸ்டரில் பப்ளிஷரிலிருந்து தொடங்கும் வரிசை இது.

1. தற்போதைய நிலையை எழுதிக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டர் ஆகியிருக்கும் போன்கள் எத்தனை, மாடல் வாரியாக எத்தனை, ஏற்கெனவே வராமல் இருப்பவை எவை, டிரங்க்குகளின் நிலை, ஓடும் சேவைகள், ரெப்ளிகேஷன் நிலை (பப்ளிஷரின் தரவு மற்ற சர்வர்களுக்குச் சரியாக நகலாகிறதா என்பது). ஏற்கெனவே இறந்து கிடந்த 14 போன்களை மாற்றத்தால் செத்ததாக நினைத்து அதிகாலையில் துரத்தாமல் இருக்க இந்தத் தாள்தான் உதவும்.

2. ரெப்ளிகேஷன் சரியாக இல்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். சிஸ்கோவில் எல்லா சர்வரும் 2 என்ற நிலையைக் காட்ட வேண்டும். 3 என்றால் தரவு பொருந்தவில்லை, 4 என்றால் அமைப்பே தோல்வி. அதை முதலில் சரிசெய்யுங்கள், மாற்றம் இன்னொரு நாள்.

3. கடைசிப் பேக்கப் எடுத்து, அது வேறொரு இயந்திரத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவும்.

4. பழைய பப்ளிஷரை முறையாக ஷட்டவுன் செய்து, நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுங்கள். பவர் போய் வந்தால் தானாக உயிர்த்தெழும் அமைப்பு பல சர்வர்களில் உண்டு.

5. புது இயந்திரத்தில் அதே பதிப்பு, பெயர், ஐபி, நேர மண்டலம், டிஎன்எஸ், என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும் சேவை), பாதுகாப்புப் பாஸ்வேர்டு ஆகியவற்றோடு நிறுவவும். நேரம் சரியில்லாமல் போனால், சர்வரின் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழ்கள் செல்லாது என்று ஆகும், ரெப்ளிகேஷனும் குழம்பும்.

6. பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, ரீஸ்டார்ட் செய்து, சேவைகள் எல்லாம் எழும்வரை காத்திருங்கள். இங்கே பொறுமை வேண்டும். திரையில் அசைவே இல்லையே என்று நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள்.

7. ரெப்ளிகேஷன் மறுபடி 2க்கு வந்ததா என்று பார்த்து, எழுதி வைத்த தாளோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள்.

அது முடிந்தால் சப்ஸ்கிரைபர்கள், ஒவ்வொன்றாக. ஒன்றின் போன்கள் முழுதும் திரும்பி வந்து, ரெப்ளிகேஷனும் சரியான பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

ஐபி அதேதான், ஆனாலும் சில கிளைகளிலிருந்து மட்டும் சர்வர் எட்டவில்லை என்றால் ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியலை) பாருங்கள். பழைய நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை அது பிடித்துக்கொண்டிருக்கலாம். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். அந்தப் பதிவை அழித்தால் போதும். ஸ்விட்ச் போர்ட்டில் மேக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

## போன்கள் புது சர்வரை நம்புமா?

எல்லாவற்றிலும் அதிகமாக எச்சரிக்க வேண்டிய இடம் இது. சிஸ்கோ கால் மேனேஜர் 8.0 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு போனும் நம்பத்தகுந்த சான்றிதழ்களின் பட்டியலைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. கட்டமைப்புக் கோப்பில் இருக்கும் கையொப்பம் அந்தப் பட்டியலோடு பொருந்தினால்தான் ஏற்கும். ரீஸ்டோர் செய்யும்போது பழைய சான்றிதழ்களும் திரும்ப வந்துவிடுவதால் பிரச்சினை இல்லை. ரீஸ்டோர் வேண்டாம், புதிதாக நிறுவிக் கட்டமைப்பை மட்டும் ஏற்றிவிடலாம் என்று போனால்தான் வினை. புது சர்வரின் சான்றிதழ் போன்களுக்கு அந்நியம். சில போன்கள் ரிஜிஸ்டர்கூட ஆகும், ஆனால் நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும் ஏற்காது. அதன்பின் ஒவ்வொரு போனாகப் போய் அந்தப் பட்டியலைக் கையால் அழிக்க வேண்டியிருக்கும். பல மாடிகளில் பல நூறு போன்கள் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாகத்தான் நிறுவியாக வேண்டும் என்ற நிலை இருந்தால், பழைய கிளஸ்டர் உயிரோடு இருக்கும்போதே அதிலிருந்து போன்களுக்கு வெற்றுப் பட்டியலை அனுப்பும் வழி சிஸ்கோவில் உண்டு. 8.0க்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பத் தயாராகும் அமைப்பு என்ற பெயரில் அது இருக்கும். அதை இயக்கி, போன்களை ரீஸ்டார்ட் செய்து, மாதிரிக்குச் சில போன்களின் திரையில் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். பழையது போன பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

வேறு நிறுவனத்து போன்களில் இது வேறு வடிவில் வரும். குறியாக்கத்தோடு இயங்கும் சிப் போன், சர்வர் சான்றிதழில் இருக்கும் பெயரும் தான் இணையும் பெயரும் ஒன்றா என்று பார்க்கும். அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்ட அமைப்பைத் தன் நினைவில் தேடும். பழைய மாடல் போன்கள் புதிய அமைப்புகளை அறியாமல் இருக்கலாம். எந்த வகையானாலும், ஒவ்வொரு மாடலிலும் ஒரு போனை எடுத்துச் சோதனை சர்வரோடு முன்பே இணைத்துப் பாருங்கள்.

## புது சர்வர் சேர்க்கும் முறை

இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் பப்ளிஷரில் புது சர்வரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும், அதன்பின்தான் புது இயந்திரத்தில் நிறுவல். தலைகீழாகச் செய்தால் நிறுவல் பாதியில் நின்றுவிடும். டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து முகவரிக்கும் முகவரியிலிருந்து பெயருக்கும் இரண்டு பதிவுகளும் இருக்கட்டும். வேறு கட்டிடத்திலோ வேறு ஊரிலோ வைக்கிறீர்கள் என்றால், சிஸ்கோ கிளஸ்டரில் சர்வர்களுக்கு இடையே போய்வரும் தாமதம் 80 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது.

நிறுவி, ரெப்ளிகேஷன் சரியானதும் தேவையான சேவைகளை இயக்குங்கள். சர்வர் பட்டியலில் பச்சையாகத் தெரியும், ஆனால் ஒரு போன்கூட அதை நாடாது. ஏனென்றால் போன்களின் குழு வரிசையில் அதன் பெயர் இன்னும் இல்லை. மேலே சொன்ன ஆறு குழுக்களை இப்போது அமைத்து, போன்களைச் சிறு தொகுதியாக நகர்த்துங்கள். முதலில் உங்கள் பிரிவின் போன்கள், அப்புறம் ஒரு மாடி, அப்புறம் மற்றவை. நகரும் போன் ரீஸ்டார்ட் ஆகும். ஃபர்ம்வேரும் மாறுகிறது என்றால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் கோப்பை இழுக்கும். மெல்லிய இணைப்புள்ள கிளைகளில் அன்று காலை வேறு எந்த வேலையும் நடக்காது.

போன்கள் நகர்ந்தும் வேலை முடியவில்லை. கேட்வேயும் சிப் டிரங்க்கும் புது சர்வரைத் தெரிந்துகொண்டதா? ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா? குரலுக்கான முன்னுரிமைக் குறி 46 அந்த ஸ்விட்ச் போர்ட்டிலும் மதிக்கப்படுகிறதா? புது சர்வரில் ரிஜிஸ்டர் ஆன போனிலிருந்து உள்ளுக்குள் பேச முடிகிறது, வெளியே போகவில்லை என்றால் அநேகமாக கேட்வே அந்த முகவரியைப் புறக்கணிக்கிறது.

ஆஸ்டரிஸ்க்கில் கிளஸ்டர் என்று உள்ளமைந்த ஏற்பாடு இல்லை. இரண்டு சர்வர்களை வைத்து, ஒரு பொது ஐபியை அவற்றுக்கு இடையே தாவவிடுவது பரவலான முறை. இது விழுந்தால் அது எழும், அவ்வளவுதான். சுமை பகிர்வு கிடைக்காது. சுமையைப் பகிர வேண்டும் என்றால் முன்னால் ஒரு சிப் பிராக்ஸியை நிறுத்தி, அழைப்புகளைப் பின்னாலிருக்கும் சர்வர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். கொடுத்த உழைப்புக்கு நன்றாக ஓடும், ஆனால் பராமரிக்க ஆள் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

## சோதனை

இரண்டு போன்களுக்கு இடையே பேசிப் பார்ப்பது சோதனை ஆகாது. உள்ளே, வெளியே, வெளியிலிருந்து உள்ளே, கிளைக்கு, மொபைலுக்கு, அவசர எண்ணுக்கு. அவசர எண்ணைச் சோதிக்கும் முன் அந்தச் சேவைக்குச் சொல்லி அனுமதி பெறுவது முறை. ஹோல்டில் போட்டு இசை கேட்கிறதா பாருங்கள். இன்னொருவருக்கு மாற்றுங்கள், மூவர் பேசுங்கள். வங்கி போன்ற தானியங்கிக் குரல் சேவையை அழைத்து எண்களை அழுத்திப் பாருங்கள், பொத்தான் ஒலி போய்ச் சேராமல் இருப்பது அடிக்கடி நடக்கும். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது என்றால் ஃபயர்வாலையும் ரவுட்டிங்கையும் சந்தேகியுங்கள்.

ஒரு வெளி அழைப்பைப் போட்டுவிட்டு 35 நிமிடம் அப்படியே விட்டு வையுங்கள். சிப் அழைப்புகளில் இரு பக்கமும் அவ்வப்போது உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பரவலான மதிப்பு 1,800 விநாடி, அதன் பாதியில் புதுப்பிக்கும். புது சர்வருக்கும் டிரங்க்குக்கும் இதில் ஒத்துப்போகாவிட்டால் அழைப்பு 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்துவிடும். சின்னச் சின்ன அழைப்புகளால் சோதித்தால் இது பிடிபடவே பிடிபடாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் வெளிவரும்.

கடைசியாக, ஒரு சர்வரின் பவரை நிஜமாகவே அணையுங்கள். மெனுவில் போய் ஷட்டவுன் செய்வது வேறு, அது போன்களிடம் சொல்லிவிட்டுப் போகும். பவர் கேபிளை உருவினால்தான் உண்மை நிலவரம் தெரியும். போன்கள் எத்தனை நிமிடத்தில் மறுபக்கம் போகின்றன, எங்கே எத்தனை சேர்கின்றன என்று எண்ணி, நீங்கள் போட்ட 750 கணக்கோடு ஒப்பிடுங்கள்.

## பின்வாங்கும் வழி

தொடங்கும் முன்பே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணிக்குள் போன்கள் திரும்பாவிட்டால் பழையதுக்கே போகிறோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். களைத்துப்போன குழுவுக்கு இன்னும் பத்தே நிமிடம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் முன்கூட்டியே முடிவு. பின்வாங்கும் வரிசையையும் எழுதி வையுங்கள்: புதியதன் கேபிளை உருவு, பழையதன் கேபிளைச் சொருகு, பவர் போடு, ரெப்ளிகேஷன் பார், எண்ணிக்கை பார்.

எல்லாம் நல்லபடி முடிந்தால், அன்றே புது சர்வரிலிருந்து முழுப் பேக்கப் எடுங்கள். பேக்கப் அட்டவணை ரீஸ்டோருக்குப் பிறகும் ஓடுகிறதா, பழைய இடத்துக்கே கோப்பு போகிறதா என்று மறுநாள் சரிபார்க்கவும். குறைத்து வைத்த டிஎன்எஸ், ரிஜிஸ்டர் மதிப்புகளைத் திருப்பி ஏற்றுங்கள். தற்காலிகமாகத் திறந்த ஃபயர்வால் விதிகளை மூடுங்கள்.

பழைய இயந்திரத்தை உடனே கொடுத்துவிட வேண்டாம். ஒரு முழு மாதக் கணக்கு முடிந்து, பில்லிங், ரெக்கார்டிங், மாதாந்திர அறிக்கை எல்லாம் புதியதிலிருந்து சரியாக வந்த பிறகு போதும். அதுவரை கேபிள் இல்லாமல், மேலே பெரிதாக எழுதி ஒட்டி, யாரும் இயக்காதபடி ரேக்கில் இருக்கட்டும். வெளியே அனுப்பும் முன் டிஸ்க்குகளை முழுதாக அழியுங்கள், அழிக்க முடியாததை உடைத்துவிடுங்கள். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவுகளும், வாய்ஸ்மெயில்களும், சிப் டிரங்க்கின் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பாஸ்வேர்டு வெளியாரிடம் போனால் உங்கள் கணக்கில் உலகமெங்கும் அழைப்பார்கள். அதனால் டிஸ்க் அழிந்த பின்னும், தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி டிரங்க்கின் பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.